புள்ளிகள் ஏன் அடியில் இறங்கின: ஒரு வேதியியல் துறையின் இளநிலைக் கற்பித்தல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி. அதன் வேதியியல் துறையில் முதலாண்டு வகுப்புகளின் கற்பித்தலை மாற்றிப் பார்க்க இரண்டு கல்வியாண்டுகளில் நடந்த முயற்சியை இங்கே பதிவு செய்கிறேன். நானும் அந்தத் துறையில் பணிபுரிகிறேன். துறைக் கூட்டங்களின் குறிப்புகளை எழுதி வைக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. கல்லூரி, ஆசிரியர், மாணவர் யாருடைய பெயரும் இதில் இல்லை. அடையாளம் தெரிந்துவிடக்கூடிய சில விவரங்களையும் விட்டுவிட்டேன். சம்பந்தப்பட்ட ஆசிரியர்கள் இதைப் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்திருக்கிறார்கள்.

பின்னணி

பல்கலைக்கழக இணைவு பெற்ற கல்லூரி; தன்னாட்சி கிடையாது. பாடத்திட்டமும் செமஸ்டர் வினாத்தாளும் வெளியிலிருந்து வரும். 100 மதிப்பெண்ணில் 75 அந்தத் தேர்வுக்குப் போய்விடும். எங்கள் கையில் இருப்பது இன்டர்னல் 25 மட்டும். காலையில் உதவி பெறும் பிரிவு, மதியத்துக்கு மேல் சுயநிதிப் பிரிவு. யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரமும், இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரமும் வகுப்பு. சுயநிதிப் பிரிவில் இருப்பவர்களை எங்கள் பக்கம் மேனேஜ்மென்ட் ஸ்டாஃப் என்போம். அவர்களுக்கு வேலை கூடுதல், சம்பளம் குறைவு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் நியமனம். இந்த ஏற்பாடு பின்னால் பெரிய விஷயமாக வந்து நின்றது. அதனால்தான் முதலிலேயே சொல்கிறேன்.

மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிகள். வகுப்பில் போர்டில் எழுதுவது ஆங்கிலம், விளக்குவது தமிழ், கடைசியில் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளும் நோட்ஸ் மறுபடி ஆங்கிலம். இரண்டு மொழிக்கும் நடுவே ஒரு பாடம் எவ்வளவு சிந்திப்போகிறது என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

கற்பித்தலை மதிப்பிட என்று இருந்தது மாணவர்கள் நிரப்பும் ஒரே ஒரு கருத்துப் படிவம். பாடத்தை முடித்தாரா, நேரத்துக்கு வந்தாரா, சந்தேகம் கேட்டால் பதில் சொல்கிறாரா என்று கேட்டு ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொல்லும். 2017-ல் கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்பு தன் மதிப்பீட்டு முறையைத் திருத்தி மாணவர் திருப்திக் கணக்கெடுப்பைச் சேர்த்தபின் கல்லூரியில் படிவங்கள் பெருகின. துறையில் ஏறக்குறைய எல்லோருக்கும் நான்குக்கு மேல் வந்துவிடும். கோப்பில் சேரும். அத்தோடு சரி. பதவி உயர்வுக்காக முடிக்க வேண்டிய ஓரியன்டேஷன், ரிஃப்ரெஷர் வகுப்புகளுக்கும் எல்லோரும் போய் வந்தவர்கள்தான். எங்கள் துறையினர் போனவற்றில் பெரும்பாலும் ஆராய்ச்சி உரைகள். முதலாண்டு மாணவன் ஒருவன் மோல் என்றால் என்ன நினைக்கிறான் என்ற பேச்சே அங்கே வரவில்லை.

தொடங்கிய இடம்

முதலாண்டு பொது வேதியியல் தாளில் அரியர் கூடியிருந்தது. முதல்வர் துறைத்தலைவரை அழைத்து ரெமெடியல் வகுப்பு வைக்கச் சொன்னார். கல்லூரி முடிந்தபின் ஒரு மணி நேரம், அதே பாடம், அதே நோட்ஸ். கிராமத்துப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்கள் ஏற்கெனவே தேறியவர்கள்.

இதைப் பேசக் கூடிய துறைக் கூட்டத்தின் குறிப்பு என்னிடம் இருக்கிறது. அன்று சொல்லப்பட்ட காரணங்கள்: பேஸிக்ஸ் இல்லை, பிளஸ் டூவில் மனப்பாடம் செய்தே வந்துவிட்டார்கள், எந்நேரமும் செல்போன், நல்ல மாணவர்கள் எல்லாம் பொறியியலுக்கும் செவிலியர் படிப்புக்கும் போய்விடுகிறார்கள். எதுவும் முழுப்பொய் இல்லை. ஆனால் எல்லாமே வகுப்பறைக்கு வெளியே இருக்கும் காரணங்கள். வகுப்பில் நாம் சொல்வது அவர்கள் மனதில் என்னவாகப் போய்ச் சேருகிறது என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் எழவே இல்லை.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டிருந்தவர் பத்தாண்டு அனுபவமுள்ள ஓர் உதவிப் பேராசிரியை. அணைவுச் சேர்மங்களின் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், சொல்லித்தருவதில் நல்ல பெயர் உள்ளவர். அவர் அடுத்த இன்டர்னல் தேர்வில் வாயு விதிகளில் ஒரு கேள்வியை இரண்டு பகுதியாகக் கொடுத்தார். ஓர் இரும்புத் தொட்டி. உள்ளே 20 டிகிரி செல்சியஸில் 3 அட்மாஸ்பியர் அழுத்தத்தில் ஹைட்ரஜன். தொட்டியை மைனஸ் 20 டிகிரிக்குக் குளிர்விக்கிறோம். முதல் பகுதி, புதிய அழுத்தம் என்ன என்று கணக்கிடுக. இரண்டாம் பகுதி, குளிர்வித்தபின் மூலக்கூறுகள் தொட்டிக்குள் எப்படிப் பரவியிருக்கும் என்று புள்ளிகளால் வரைக.

படக்கேள்வி அவர் சொந்தமாக உருவாக்கியதில்லை. அமெரிக்காவில் சூசன் நுரன்பெர்னும் மைல்ஸ் பிக்கரிங்கும் 1987-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில் வந்த கேள்வியின் வடிவம் அது. வாயுக் கணக்கைச் சரியாகப் போடுகிற கல்லூரி மாணவர்கள், அதே வாயுவைப் படமாகக் கேட்டால் தடுமாறுகிறார்கள் என்பதுதான் அவர்கள் கண்டது. அங்கே விடைகளைத் தந்து தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இவர் வரையச் சொன்னார்.

விடைத்தாளில் கண்டது

கணக்கில் பாதிக்கு மேல் தேறிவிட்டார்கள். வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றி, 293-க்கும் 253-க்கும் விகிதம் போட்டு, 2.59 அட்மாஸ்பியர் என்று அடிக்கோடிட்டு முடித்திருந்தார்கள். படம் வேறு கதை சொன்னது. பெரும்பாலான தாள்களில் புள்ளிகள் எல்லாம் தொட்டியின் அடியில் படிந்து கிடந்தன. சிலவற்றில் நடுவில் ஒரே கொத்தாக. தொட்டி முழுக்கப் பரவிய புள்ளிகள், அதாவது சரியான படம், ஒரு கைப்பிடிதான்.

ஒரு தாளை அவர் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஒரே பக்கத்தில் மேலே 2.59 என்ற சரியான விடை. கீழே, அடியில் குவிந்த புள்ளிகள். வாயு அடியில் படிந்துவிட்டால் மேல் சுவரில் அழுத்தம் ஏது? அந்த முரண்பாடு எழுதியவரின் கண்ணில் படவில்லை. இத்தனை ஆண்டும் கணக்குப் பகுதியை மட்டும் திருத்திக்கொண்டிருந்த எங்கள் கண்ணிலும் அது பட வழியில்லை.

கூட்டத்தில் மூன்று விதமாகப் பொருள் சொன்னார்கள். ஒருவர், கேள்வியின் ஆங்கிலம் புரிந்திருக்காது என்றார். இன்னொருவர், இது பேஸிக்ஸ் இல்லாததற்கு இன்னொரு சாட்சி என்றார். பணி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த மூத்த பேராசிரியர், “படமா வரைஞ்சு பாருன்னு நாம எப்ப சொன்னோம்? சொல்லாததை எப்படிக் கேக்குறது?” என்றார். எது சரி என்று வாதாடுவதை விட்டுவிட்டு, சில மாணவர்களைக் கூப்பிட்டுத் தமிழிலேயே பேசச் சொல்லிக் கேட்பது என்று முடிவானது. மதிப்பெண் குறையாது என்று முதலிலேயே உறுதி சொன்னோம். இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள்.

கேள்வி புரிந்திருந்தது. அவர்கள் சொன்னவற்றைக் குறிப்பில் இருந்தபடியே தருகிறேன்.

“வீட்டுல கேஸ் சிலிண்டர ஆட்டுனா உள்ள தண்ணி மாதிரி ஆடும்ல மேடம். கேஸ் அடியிலதான இருக்கும்?”

“மைனஸ் இருபதுன்னா ஃப்ரீசர் மேடம். உறைஞ்சு அடில நின்னுரும்.”

“குளிர்ந்தா சுருங்கும்ல. அதான் ஒண்ணா சேர்த்து வரைஞ்சேன்.”

முதல் பதில்தான் அந்த அறையில் இருந்த எங்கள் எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்த மாணவி சொன்னது உண்மை. சமையல் எரிவாயு சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம்தான். புரொப்பேன், பியூட்டேன் கலவை. ஒரு வாயுவை எவ்வளவு அழுத்தினாலும் திரவமாக்க முடியாத அளவுக்குச் சூடு தொடங்கும் எல்லைதான் அதன் மாறுநிலை வெப்பநிலை. புரொப்பேனுக்கு அது ஏறத்தாழ 97 டிகிரி, பியூட்டேனுக்கு 152. ஆகவே நம் ஊர் வெயிலிலும் அழுத்தம் கொடுத்தாலே அவை திரவமாகிவிடும். 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கிப் பழகிய பெண், வாயு அடியில் கிடக்கும் என்று நினைக்க முழு நியாயம் இருக்கிறது. ஹைட்ரஜனின் மாறுநிலை வெப்பநிலை மைனஸ் 240 டிகிரி. மைனஸ் 20 அதற்கு எட்டாத் தொலைவு. எவ்வளவு அழுத்தினாலும் அங்கே அது திரவமாகாது. அவர் தவறு எங்கே என்றால், எல்லா வாயுவும் சமையல் வாயுவைப் போலத்தான் என்று எடுத்துக்கொண்டதில்.

இதில் இன்னொன்று இருக்கிறது. மாறுநிலை வெப்பநிலை அதே அலகில் பாடமாகவே உள்ளது. 1869-ல் ஆண்ட்ரூஸ் என்ற வேதியியலாளர் கார்பன் டை ஆக்சைடை வைத்து வரைந்த அழுத்த-கனஅளவு வளைகோடுகள், அதன் மாறுநிலை வெப்பநிலையான 31 டிகிரி என்ற எண், எல்லாம் போர்டில் வரையப்பட்டு நோட்டில் ஏறிவிட்டன. அந்த வளைகோட்டுக்கும் வீட்டுச் சமையலறையில் நிற்கும் சிலிண்டருக்கும் உள்ள உறவை யாரும் சொன்னதில்லை. பாடம் ஒரு பக்கம், மாணவி ஏற்கெனவே அறிந்தது ஒரு பக்கம், இரண்டும் சந்திக்காமலே செமஸ்டர் முடிந்திருந்தது.

1990களில் ஆஸ்திரேலியாவில் புரோசர், டிரிக்வெல் ஆகியோர் முதலாண்டு இயற்பியல், வேதியியல் ஆசிரியர்களைப் பேட்டி கண்டு ஆய்வு செய்தார்கள். கற்பித்தல் என்றால் பாடத்தைக் கொண்டு சேர்ப்பது என்று பார்ப்பவர்கள் ஒரு முனையில், மாணவர் ஏற்கெனவே கொண்டிருக்கும் புரிதலை மாற்ற உதவுவது என்று பார்ப்பவர்கள் மறு முனையில். எங்கள் துறை சந்தேகமில்லாமல் முதல் முனையில் நின்றது. சோம்பலோ அக்கறையின்மையோ காரணமில்லை. போர்ஷனை முடித்தாரா என்பதைத்தான் எல்லாப் படிவமும் கேட்டது, நாங்களும் முடித்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

நான்கு மாதம் பேசியபின் அடுத்த கல்வியாண்டுக்குச் சில முடிவுகள் எடுத்தோம்.

வகுப்பை ஒருவருக்கொருவர் போய்ப் பார்ப்பது என்பது முதல் முடிவு. அதில்தான் அதிகத் தயக்கம் இருந்தது. எங்கள் கல்லூரிகளில் இன்னொருவர் வகுப்பில் போய் உட்காருவது என்றால் ஒன்று இன்ஸ்பெக்ஷன், இல்லாவிட்டால் புகார் வந்திருக்கிறது என்று பொருள். அதனால் மூன்று நிபந்தனைகள் வைத்துக்கொண்டோம். பார்த்தவர் எழுதும் குறிப்பு பார்க்கப்பட்டவருக்கு மட்டுமே சொந்தம்; துறைத்தலைவருக்கோ முதல்வர் அலுவலகத்துக்கோ போகாது. நன்றாக இருந்தது, இல்லை என்ற தீர்ப்பு எழுதக் கூடாது. முதல் வகுப்பு மூத்த பேராசிரியருடையது. அவர் தானாகவே தன் வகுப்பைத் திறந்துவிட்டார். இழக்க எதுவும் இல்லாத ஒருவர் முதலில் திறந்தால்தான் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்பது அவர் கணக்கு. அது பலித்தது.

தீர்ப்புக்குப் பதில் என்ன எழுதுவது? இதற்கு 2013-ல் பிரிட்டிஷ் கொலம்பியா, மெய்ன் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய ஒரு முறையைச் சுருக்கி எடுத்துக்கொண்டோம். அதை உருவாக்கியவர்களில் இயற்பியலுக்கு 2001-ல் நோபல் பரிசு பெற்று, பின்னர் கல்லூரிக் கற்பித்தலை மேம்படுத்தும் வேலைக்குத் திரும்பிய கார்ல் வீமனும் ஒருவர். ஒரு தாளில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு கட்டம். அந்த நேரத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார், மாணவர் என்ன செய்கிறார் என்று மட்டும் குறிக்க வேண்டும். பேசுகிறார், எழுதுகிறார், கேள்வி கேட்கிறார், காத்திருக்கிறார். கேட்கிறார்கள், எழுதுகிறார்கள், தங்களுக்குள் பேசுகிறார்கள். அவ்வளவுதான்.

அடுத்த முடிவு, ஒவ்வொரு வகுப்பின் நடுவிலும் ஒரு படக்கேள்வி அல்லது ஏன் என்ற கேள்வி. மாணவர் முதலில் தனியாக விடை எழுத வேண்டும், அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் தமிழிலேயே வாதாட வேண்டும், பிறகு மறுபடி விடை சொல்ல வேண்டும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1990களின் தொடக்கத்தில் கொண்டுவந்த முறை இது. தமிழ் பேசலாம் என்பதை நாங்கள் விதியாகவே சேர்த்தோம், ஏனென்றால் ஆங்கிலத்தில் மட்டும் என்றால் எங்கள் வகுப்பில் வாதமே நடக்காது. இப்படிப்பட்ட முறைகளால் பயன் உண்டா என்று கேட்டவர்களுக்குக் காட்ட 2014-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு இருந்தது: அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரித் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் பங்கெடுத்த வகுப்புகளில் 21.8. எங்கள் சூழல் வேறு என்று அப்போதே சொல்லிக்கொண்டோம். ஆனாலும் முயன்று பார்க்க அது போதுமான காரணம்.

மூன்றாவதாக, மாதம் ஒரு முறை விடைத்தாள்களை எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து படிப்பது. மதிப்பெண் போட வேண்டியதில்லை. தவறான விடைக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் சனிக்கிழமை வேண்டாம், வேலை நாளில் ஒரு மணி நேரம் என்று துறைத்தலைவர் டைம்டேபிளிலேயே ஒதுக்கிக் கொடுத்தார். இந்த ஒரு ஏற்பாடு இல்லாவிட்டால் முழு முயற்சியும் இரண்டாம் மாதமே படுத்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

வகுப்பறைக்குள் பார்த்தவை

கட்டத்தாள்கள் ஒன்றுபோலவே இருந்தன. ஐம்பது நிமிட வகுப்பில் ஆசிரியர் பேசுகிறார், மாணவர் எழுதுகிறார் என்ற குறி வரிசையாக ஓடியது. கேள்வி கேட்கிறார் என்ற குறியும் நிறைய இருந்தது. ஆனால் கேள்வி என்ன என்று பார்த்தால், “புரிஞ்சுதா?” உடனே வகுப்பே சேர்ந்திசையாக “புரிஞ்சுது மேடம்.” அதற்குள் அவர் போர்டைத் துடைத்துவிட்டிருப்பார். 1970களில் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ வகுப்பறைகளில் நேரம் அளந்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி காத்தாலே பதில்கள் நீளுகின்றன, புதியவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டார். எங்கள் வகுப்புகளில் அந்த ஒரு விநாடிகூடச் சில நேரம் இல்லை.

தன் தாளைப் பார்த்த அந்த உதவிப் பேராசிரியை யாரும் சொல்லாமலே இரண்டு மாற்றங்கள் செய்தார். “புரிஞ்சுதா” என்று கேட்பதை நிறுத்தினார். வாயு நிலைமைப் பாடத்தின் வரிசையை மாற்றினார். முன்பு இயக்கக் கொள்கையில் தொடங்கி, வாண்டர் வால்ஸ் சமன்பாடு வந்து, ஆண்ட்ரூஸ் வளைகோடு கடைசியில் வரும். இப்போது முதல் வகுப்பிலேயே, சமையல் சிலிண்டரை ஆட்டினால் ஏன் சத்தம் வருகிறது, மருத்துவமனை ஆக்சிஜன் சிலிண்டரை ஆட்டினால் ஏன் வருவதில்லை என்று கேட்டார். ஆக்சிஜனின் மாறுநிலை வெப்பநிலை மைனஸ் 118-க்கு அருகில். அந்தச் சிலிண்டரில் இருப்பது அழுத்தப்பட்ட வாயு மட்டுமே. பிள்ளைகள் சண்டை போட்டார்கள். எடை வேறு என்றார்கள், சிலிண்டர் தடிமன் என்றார்கள். விடையை அவர் அன்று சொல்லவில்லை. வளைகோடுகள் வந்த நாளில் ஒரு மாணவன் எழுந்து, “அப்ப நம்ம ரூம் டெம்பரேச்சர் புரொப்பேனுக்குக் கீழ, ஆக்சிஜனுக்கு மேல. அதான சார் விஷயம்?” என்றான். அன்று வகுப்பைப் பார்க்கப் போயிருந்த மூத்த பேராசிரியரைப் பார்த்துத்தான் அவன் “சார்” என்றான். அந்த வாக்கியத்தை அவர் கட்டத்தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டு வந்தார்.

இடையில் வந்த எதிர்ப்பு

செமஸ்டர் பாதியில் மாணவர்கள் துறைத்தலைவரிடம் போனார்கள். மேடம் நோட்ஸ் தர மாட்டேன் என்கிறார்கள், எங்களையே பேசச் சொல்கிறார்கள், பக்கத்து வகுப்பில் இரண்டாம் அலகு முடிந்துவிட்டது. அந்தப் பருவக் கருத்துப் படிவத்தில் அவருக்கு மதிப்பெண் குறைந்தது. பத்தாண்டில் முதல் முறை. நன்றாகச் சொல்லித்தர முயன்றதற்குக் கிடைத்த பலன் இது என்றால் எவருக்கும் மனம் நொந்துபோகும், அவருக்கும் அப்படித்தான்.

துறைத்தலைவர் இதை அவர் தலையில் கட்டிவிடவில்லை. 2019-ல் ஹார்வர்டில் வந்த ஓர் ஆய்வைக் கூட்டத்தில் படித்தோம். அங்கே இயற்பியல் மாணவர்கள் தாங்களே பங்கெடுத்த வகுப்பில் உண்மையில் அதிகம் கற்றிருந்தார்கள்; ஆனால் சரளமான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். மெனக்கெட்டு யோசிப்பதை, புரியவில்லை என்று எடுத்துக்கொள்கிறது மனம். இதைப் பருவத் தொடக்கத்திலேயே மாணவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்பது அந்த ஆய்வாளர்களின் யோசனை. நாங்கள் நடுவில் சொன்னோம். துறைத்தலைவர் வகுப்புக்குப் போய், முந்தைய ஆண்டின் அந்த 2.59 தாளைப் பெயரை மறைத்துக் காட்டி, “இதுக்கு எத்தனை மார்க் போடலாம்?” என்று கேட்டார். விவாதம் நீண்டது. கடைசியில் நோட்ஸ் விஷயத்தில் ஒரு சமரசம் ஆனது. புத்தகத்தில் அப்படியே இருக்கும் சமன்பாட்டு வருவிப்புகளை இனி வகுப்பில் டிக்டேட் செய்வதில்லை; அச்சிட்ட தாளாகக் கொடுப்பது. போர்ஷன் பின்தங்கிய பிரச்சினையும் இதனால் பெருமளவு தீர்ந்தது, ஏனென்றால் வகுப்பு நேரத்தின் பெரும்பகுதியைத் தின்றுகொண்டிருந்தது டிக்டேஷன்தான்.

இன்னொரு எதிர்ப்பு வேறு வகை. மேனேஜ்மென்ட் ஸ்டாஃபில் ஒருவர் தொடக்கத்தில் சேர்ந்து, சில வாரங்களில் விலகினார். காரணத்தை நேராகச் சொன்னார்: குறிப்பு வெளியே போகாது என்று நீங்கள் சொல்வதை நம்புகிறேன், ஆனால் என் வகுப்பில் சத்தம் கேட்டது என்று யாராவது நிர்வாகத்திடம் சொன்னால் அடுத்த ஜூனில் எனக்கு வேலை இருக்குமா? பதில் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. அவர் விலகியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நிரந்தரப் பணியில் இருப்பவர் தன் வகுப்பை மாற்றிப் பார்ப்பதற்கும், ஆண்டுக்கு ஆண்டு நியமிக்கப்படுபவர் மாற்றிப் பார்ப்பதற்கும் கொடுக்க வேண்டிய விலை ஒன்றல்ல. கற்பித்தல் மேம்பாடு பற்றிப் பேசும் கூட்டங்களில் இது பேசப்படுவதே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இளநிலை வகுப்புகளில் பெரும்பங்கை எடுப்பவர்கள் அவர்கள்தான்.

விளைவு

பருவ முடிவில் அதே கருத்தை வேறு கேள்வியாகக் கேட்டோம்: நைட்ரஜன் நிரம்பிய உருளை, மைனஸ் 40 டிகிரி. நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196-ல் என்ற தகவலும் கேள்வியிலேயே இருந்தது. இம்முறை பெரும்பாலோர் உருளை முழுக்கப் புள்ளிகளைப் பரப்பி வரைந்தார்கள். அடியில் குவித்தவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆனால் மறைந்துவிடவில்லை.

தாள்களைச் சேர்ந்து படித்தபோது புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. பரப்பி வரைந்தவர்களில் சிலர், குளிர்ந்தபின் உள்ள புள்ளிகளைச் சிறியதாக வரைந்திருந்தார்கள். பென்சில் நுனி அளவுக்கு. கூப்பிட்டுக் கேட்டால், குளிர்ந்தால் மூலக்கூறே சுருங்கும் என்கிறார்கள். முந்தைய ஆண்டு “குளிர்ந்தா சுருங்கும்ல” என்று சொன்ன மாணவர் எதைச் சொன்னார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. பொருள் சுருங்கும் என்று பள்ளியில் படித்ததை மூலக்கூறு வரை கொண்டுபோய்விட்டார்கள். சுருங்குவது இடைவெளியா, துகளா என்ற கேள்வி எங்கேயும் கேட்கப்படவில்லை.

பல்கலைக்கழகத் தேர்வு முடிவில் தேர்ச்சி சற்று உயர்ந்தது. அதை இந்த முயற்சியின் வெற்றியாக நான் எழுத மாட்டேன். அந்த ஆண்டு வினாத்தாள் எளிது என்று எல்லோரும் சொன்னார்கள், மாணவர் கூட்டமும் வேறு. தேர்வுத்தாளில் படக்கேள்வியும் கிடையாது. டிக்டேட் செய்த நோட்ஸை ஒப்பித்தாலே போதும் என்ற நிலை அப்படியே இருக்கிறது. அது மாறாத வரை, புரிந்து படித்தவருக்கும் மனப்பாடம் செய்தவருக்கும் அந்த 75 மதிப்பெண்ணில் வித்தியாசம் தெரியப்போவதில்லை. இன்டர்னலில் மட்டும் ஒரு படக்கேள்வியை நிரந்தரமாக்கியிருக்கிறோம்.

உறுதியாகச் சொல்லக்கூடிய மாற்றம் ஆசிரியர்களின் பேச்சில்தான். இரண்டாம் ஆண்டின் கூட்டக் குறிப்புகளைப் புரட்டினால் “பேஸிக்ஸ் இல்லை” என்ற சொல் அரிதாகிவிட்டது. அந்த இடத்தில் வேறு வகை வாக்கியங்கள் வந்திருக்கின்றன. சமநிலை என்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கும் என்று நினைக்கிறார்கள், அம்புக்குறியைப் பார்த்து அப்படி நினைக்கிறார்களா? கொதிக்கும் நீரில் வரும் குமிழியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருப்பதாக எழுதுகிறார்கள், எப்படிக் கேட்டால் தாங்களே சந்தேகப்படுவார்கள்? எல்லோரும் இப்படி மாறிவிடவில்லை. ஒரு மூத்த இணைப் பேராசிரியர் இன்றும் தன் வகுப்பை முன்பு போலவே நடத்துகிறார். தாள் படிக்கும் கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருகிறார், எங்கள் எல்லோரையும்விடக் கூர்மையாகத் தவறுகளின் வேரைக் கண்டுபிடிக்கிறார். அவரை வற்புறுத்த வேண்டாம் என்று துறைத்தலைவர் சொன்னதில் எனக்கு உடன்பாடு.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

மாணவரிடம் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். பாதியில் சொன்னால் அது சமாதானம் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

வகுப்பைப் பார்ப்பதற்கு முன்பே தாள் படிக்கும் கூட்டத்தைத் தொடங்கலாம். ஒருவர் வகுப்பை இன்னொருவர் பார்ப்பதில் கூச்சம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு மாணவரின் படத்தைச் சுற்றி உட்கார்ந்து பேசுவதில் அது இல்லை. அங்கே பழகியபின் வகுப்பைத் திறப்பது எளிது. மேனேஜ்மென்ட் ஸ்டாஃபுக்கும் இந்த வாசல் பாதுகாப்பானது. விலகிய அந்த ஆசிரியரிடம் இதைச் சொன்னபோது, தாள் படிக்க வருகிறேன் என்று சம்மதித்தார். அவருக்கு அந்த ஒரு மணி நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டும் என்று நிர்வாகத்துக்குத் துறை எழுதிக் கொடுத்திருக்கிறது. இன்னும் பதில் வரவில்லை.

ஆய்வகத்தை நாங்கள் தொடவே இல்லை. வாரத்தில் ஒரு பெரிய பங்கு நேரம் அங்கே போகிறது. டைட்ரேஷனில் நிறம் மாறும் சொட்டுக்காகக் காத்திருக்கும் மாணவரிடம், இப்போது குடுவைக்குள் என்னென்ன அயனிகள் இருக்கும், வரைந்து காட்டு என்று கேட்க அதைவிட நல்ல நேரம் கிடையாது. தேர்வுக்கு வரும் ரெக்கார்ட் நோட்டில் இப்படி ஒரு படத்துக்கு இடம் ஒதுக்கலாமா என்று வரும் பருவத்துக்கான கூட்டத்தில் பேச வைத்திருக்கிறோம்.

பாடத்திட்டக் குழுவில் எங்கள் துறையிலிருந்து ஒருவர் உறுப்பினராக இருக்கிறார். இரண்டு ஆண்டில் சேர்ந்த படங்களிலிருந்து தேர்ந்தெடுத்த ஒரு தொகுப்பையும், மாதிரி வினாக்களையும் அவர் கையில் கொடுத்திருக்கிறோம். பத்து மதிப்பெண் பகுதியில் ஒரு கேள்விக்காவது படம் வரைந்து விளக்கும் வடிவம் வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. அடுத்த குழுக் கூட்டத்தில் அது எடுத்துக்கொள்ளப்படும்.